எட்டுப் பாதை

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேறு இடம் பார்க்கட்டுமா அப்பா. நாலு சொல். நாலு சொல்லுக்கு நாக்கு தேய்ந்துவிடாது. சென்னியப்பன் பூங்காவின் இரும்புக் கதவைத் தள்ளினார், அது கீச்சிட்டது, எண்ணெய் விடு என்று எத்தனை நாள் சொல்வது, எவன் கேட்கிறான். மணி மூன்றரை. ஆடிக் காற்று கணவாய் வழியாக வந்து வெயிலை அள்ளி முகத்தில் வீசியது. வேலவன் கார்டனில் இந்த நேரத்துக்கு ஒருத்தரும் நடக்க வரமாட்டார்கள். நூற்றுப் பதினாறு வீடு, அதில் தொண்ணூறு வீட்டுக்குமேல் ஓய்வுபெற்ற ஆட்கள், எல்லாரும் சாப்பிட்டு மாத்திரை போட்டு மின்விசிறிக்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு கிடப்பார்கள். ஐந்து மணிக்குத்தான் ஒவ்வொருத்தராக வந்து இந்த எட்டில் ஏறுவார்கள். எட்டு என்றால் தரையில் சிமெண்டில் போட்ட எட்டு, கூழாங்கல் பதித்து ஓரத்துக்கு மஞ்சள் அடித்தது, தெற்கு வடக்காகக் கிடக்கும். தெற்கே ஆரம்பித்து வடக்கே போய் வளைந்து, நடுவில் குறுக்கே வெட்டி, திரும்பத் தெற்கே வரவேண்டும். பத்தரை நிமிஷம் இப்படி, பத்தரை நிமிஷம் எதிர்ப்பக்கம். சர்க்கரை இறங்குமாம். பத்து மாசமாக நடக்கிறார், இறங்கினபாடில்லை. செருப்பைக் கழற்றினார். கல் சுட்டது. சுடட்டும். இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் குழந்தை சொன்னது. தன்ஷிகா, மகன் மகுடேஸ்வரனின் மகள், ஏழு வயசு, பூனாவில் வளர்வது, வாயில் அப்பளத்தை வைத்துக்கொண்டு, "தாத்தா, எங்க புது வீட்ல என் ரூம் கதவுல நான் மீன் ஸ்டிக்கர் ஒட்டிட்டேன்" என்றது. ரசம் ஊற்றிய கை நின்றது. அது மனைவி சுலோச்சனாவின் கை. மருமகள் இந்துஜா குழந்தையின் தொடையைக் கிள்ளியதை அவர் பார்த்தார். எழுபத்தாறு வயசில் கண்ணில் புரை எடுத்தாயிற்று, எல்லாம் பளிச்சென்றுதான் தெரிகிறது. எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. அவர் துடைத்துப் பெருக்கி வைத்திருக்கிற வீட்டின் கதவில் மீன் ஏதும் இல்லை. சாப்பிட்ட இலையை மடித்தார், தன் பக்கமாக மடிப்பதை மறந்து வெளிப்பக்கமாக மடித்துவிட்டார், சாவு வீட்டில் மடிக்கிற மாதிரி, சுலோச்சனா அதையும் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். சட்டைப்பையில் சாவி இருந்தது. நாற்பத்தேழாம் எண் வீட்டுச் சாவி. நடக்க நடக்க அது நெஞ்சில் தட்டியது.

நாலு மாசம். சித்திரையில்தான் போன் வந்தது. "அப்பா, கோயமுத்தூருக்கே மாத்திக்கலாம்னு இருக்கறோம். உங்க பக்கத்துலயே ஒரு வீடு பாருங்க. குழந்தைங்க இருக்கற தெருவாப் பாருங்கப்பா, தன்ஷிக்கு விளையாட ஆள் வேணும்." அன்றைக்கு என்ன பதில் சொன்னோம். சரி. அவ்வளவுதான் சொன்னார். ஆனால் மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். குழந்தைகள் இருக்கிற தெரு. இந்தப் பக்கத்தில் அது லேசில் அகப்படுகிற சரக்கா. மலை தெரிகிறது, தண்ணீர் நன்றாக இருக்கிறது, காற்று நன்றாக இருக்கிறது என்று மாநிலத்தில் உள்ள கிழடு கட்டை எல்லாம் இங்கேதான் வந்து வீடு கட்டியிருக்கிறது, நான் உட்பட. புரோக்கரைக் கேட்டால் "நல்ல அமைதியான ஏரியாங்க சார்" என்பான். அமைதி எவனுக்கு வேண்டும். அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். கொடியைப் பார். மொட்டைமாடிக் கொடியில் என்ன காய்கிறது என்று பார். வெள்ளை வேட்டி, வெள்ளை வேட்டி, உள்பாவாடை, முழங்காலுக்கு மாட்டுகிற உறை, வெள்ளை வேட்டி. பள்ளிக்கூடச் சீருடை காய்ந்தால் நின்று குறித்துக்கொள். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வேன் எந்த முனையில் நிற்கிறது, எத்தனை இறங்குகிறது. கேட்டுக்குப் பின்னால் சின்னச் சக்கரம் வைத்த சைக்கிள் உண்டா. ரோட்டில் நொண்டியடிக்கிற பாண்டிக் கட்டம் போட்ட சாக்பீஸ் கோடு உண்டா. காலண்டர் தாள்களின் முதுகில் எழுதி வைத்தார். பன்னிரண்டு நகர், எழுபத்துச் சொச்சம் தெரு. இரண்டாம் கேட், ஆறாம் தெரு: ஒரு குழந்தை, கைக்குழந்தை, கணக்கில் வராது. ஒரு தெருவில் ஒரு அம்மாள் மாடியிலிருந்து, "ஏனுங்க, தினம் வந்து எங்க கொடியவே பாத்துட்டு நிக்கறீங்க, என்ன சமாச்சாரம்?" என்று கேட்டாள். அவர் குடையைத் தாழ்த்திக்கொண்டு நடந்தார். அவமானம்தான். அதையும் பட்டாயிற்று. கடைசியில் பார்த்தால், தேடினது எல்லாம் வீண், அவருடைய நகரிலேயே நாலாம் தெருவில் இருந்தது. நாற்பத்தேழு. எதிர் வீட்டில் இரட்டைப் பையன்கள், எட்டு வயசு, சத்தம் தாங்க முடியாது. அடுத்த வீட்டில் ஆறு வயசில் ஒரு பெண், முன்பல் இரண்டும் இல்லை. நூற்றுப் பதினாறு வீட்டில் அந்த ஒரு தெருவில்தான் சாக்பீஸ் கோடு. வீட்டுக்காரர் மகளிடம் அமெரிக்கா போகிறார். அவர் வாசலில் போய் நின்று, வேறு யாருக்கும் தராதீர்கள் என்று கேட்டார். கேட்டார், ஆமாம், யாரிடமும் எதையும் கேட்காதவர், பல்லைக் காட்டிக் கேட்டார். சாவியை வாங்கிக்கொண்டு வந்து தண்ணீர்த் தொட்டிக்குள் தானே இறங்கிக் கழுவினார். ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சலாம் என்று நாள்கூடப் பார்த்தார். அந்த நேரமெல்லாம் அங்கே, ஊருக்கு அந்தக் கோடியில், இரண்டு பஸ் மாறிப் போகிற சரவணம்பட்டிப் பக்கம், கதவில் மீன் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

வடக்கு வளைவு. வேப்பமரத்து நிழல் அந்த வளைவில் மட்டும் விழுந்தது, பத்தடிக்குக் கால் குளிர்ந்தது, மறுபடி சுட்டது. எப்போது ஒட்டினார்கள். இதுதான் முள். குழந்தை ஒட்டியது என்றால் குழந்தை வந்திருக்கிறது. பூனாவிலிருந்து இந்த ஊருக்கு வந்து அந்தக் கோடிக்குப் போய்விட்டு அப்படியே திரும்பியிருக்கிறார்கள். ஆடி கழியட்டும்பா, ஆடியில் வீடு பார்க்கக்கூடாது என்று போனில் சொன்னானே மகுடேஸ்வரன், அப்போதே உறைத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கே ராகுகாலம் பார்க்காதவன் ஆடி பார்க்கிறான். இன்றைக்கு மட்டும் எதற்கு வந்தான். சொல்லத்தான் வந்திருப்பான், வாய் வரவில்லை, குழந்தை சொல்லிவிட்டது. ஆனியில் வந்திருப்பார்கள். ஆனி. அவர் நடை நின்றது, மறுபடி நடந்தது. கிளிப். சிவப்பும் இல்லாமல் ரோஸும் இல்லாமல் ஒரு முடிக் கிளிப், வண்ணத்துப்பூச்சி வைத்தது. ஆனியில் அவர் ஈரோட்டில் ஒரு சாவுக்குப் போய் இரண்டு நாள் தங்கித் திரும்பினார். சோபாவுக்கு அடியில் ரேடியோ பேட்டரி உருண்டது என்று குனிந்தபோது கையில் அகப்பட்டது. "இது ஏது?" என்றார். சுலோச்சனா அடுப்பங்கரையிலிருந்து தலையை நீட்டாமலே, "போன தடவ தன்ஷி விட்டுட்டுப் போனது" என்றாள். தலையை நீட்டவில்லை. நாற்பத்தெட்டு வருஷமாக அவள் பொய் சொன்னால் முகத்தைக் காட்டமாட்டாள் என்று தெரியும், தெரிந்தும் பேட்டரியை ரேடியோவில் போட்டுச் செய்தி கேட்டார். ஆக, வீட்டுக்கே வந்திருக்கிறார்கள். அவர் இல்லாத நாளாகப் பார்த்து. உட்கார்ந்திருக்கிறார்கள், காபி குடித்திருக்கிறார்கள், அவருடைய நாற்காலியில் எவனோ உட்கார்ந்து அவரைப் பற்றித்தான் பேசியிருக்க வேண்டும். "அப்பாகிட்ட யாரு சொல்றது?" "நான் சொல்லமாட்டேன் சாமி, குதிப்பாரு." அவள் குரல் அப்படியே கேட்டது. அதற்குப் பிறகு இத்தனை வாரம் அவர் தொட்டி கழுவியதையும், சாவியைத் துணியால் துடைத்ததையும், நாலாம் தெருப் பையன்கள் இன்றைக்குப் பந்தை யார் வீட்டு ஜன்னலில் அடித்தார்கள் என்று அவர் வந்து சொன்னதையும், அவர் இவ்வளவு பேசுகிறதே வருஷத்தில் ஒருதரம், அதையும், அவள் "ம்" கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மகன் செய்தது ஒரு பங்கு. இது இரண்டு பங்கு. ஒரே கூரை, ஒரே குழம்பு, முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் ராத்திரி ராத்திரி, ஒரு வார்த்தை.

நடுவில் வந்துவிட்டார், எட்டின் இரண்டு வயிறும் சேருகிற இடம். இங்கே நாலு மூலையில் மட்டும் கூழாங்கல் இல்லை, நாலு வட்டம், சாப்பாட்டுத் தட்டு அகலம், வெறும் சிமெண்டு. ஏன் இங்கே மட்டும் கல் பதிக்காமல் விட்டான், மேஸ்திரி சோம்பேறி. தினமும் இதையே நினைத்துக்கொண்டு இதைத் தாண்டுவார், இன்றைக்கும் தாண்டினார். போன மாசம் இரண்டாம் தெருவில் ஒரு ஆள், ரிட்டயர்டு வாத்தியார், மூன்று நாள் பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தது, பிறகுதான் கதவை உடைத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் இங்கே யாரும் ஓடிவருவதில்லை, ஜன்னல் திரையை இரண்டு விரலால் விலக்கி, தன் வீட்டுக்கு இல்லை என்று பார்த்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். அவரும் விலக்குவார். நாலாம் தெருவில் பந்து ஜன்னலில் பட்டபோது எல்லாரும் கத்தினார்கள், அவர் மட்டும் நின்று இன்னொரு தரம் அடிக்கமாட்டானா என்று காத்திருந்தார், அது யாருக்குத் தெரியும். அவர் சிரித்து யார் பார்த்தார்கள். குழந்தை வந்தால் சிடுசிடு என்றுதான் இருப்பார், ஏய் ஓடாதே, ஏய் கீழே விழுவாய், ஏய் கதவைச் சாத்து. ஆனால் அது ஊருக்குப் போனபிறகு இரண்டு நாள் கதவு சாத்தாமலே கிடக்கும். போன வருஷம் மே லீவில் இதே பூங்காவில் ஊஞ்சல் இருந்தது. சங்கிலி போட்ட ஊஞ்சல். தன்ஷி அதில் ஏறினால் இறங்காது, "தாத்தா, இன்னும் தள்ளுங்க, மலை வரைக்கும் தள்ளுங்க" என்னும், அவர் ஒரு கையால் தள்ளிக்கொண்டே இன்னொரு கையில் பேப்பர் படிப்பார், படிக்கிற மாதிரி. தீபாவளிக்கு வந்தபோது ஊஞ்சலைக் காணோம், இந்த எட்டுதான் இருந்தது. குழந்தை புழுதியில் உட்கார்ந்து அழுதது. அவருக்கு வந்த கோபம். அன்றைக்குத் தெருவே கேட்கக் கத்தினார், "எவன்டா எடுத்தது, குழந்தை ஆடினா இவனுகளுக்கு எங்க நோவுது, எவனா இருந்தாலும் அவன் உருப்படமாட்டான்." அப்படிக் கத்தியவன் நான். எனக்கா இது. எனக்குத் தெரியாமல் வீடு பார்க்க என்ன வந்தது இவனுக்கு. கதவு கீச்சிட்டது.

மகுடேஸ்வரன் உள்ளே வந்து நின்றான். நாற்பது வயசு, தலை முன்பக்கம் ஏறிவிட்டது, ஆனால் தப்புச் செய்துவிட்டு நிற்கும்போது பத்து வயசில் நின்ற மாதிரியே ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிவான். இப்போதும் சொறிந்தான். "அப்பா, வெயில்ல நடக்கறீங்க. வாங்க, காபி போட்டாச்சு. அம்மா கூப்பிடறாங்க." அவர் நிற்கவில்லை. தெற்கு வளைவைச் சுற்றி அவன் முன்னால் வந்தபோது, "உங்கொம்மாவுக்கும் தெரியும்" என்றார். அது கேள்வியில்லை. "தெரியுமுங்கப்பா." தாண்டி வடக்கே போனார், வளைந்தார், வந்தார். "ஏன் சொல்லல?" "சொல்லலாம்னுதான்..." மறுபடி போய்விட்டார். நடப்பவரிடம் பேசுவது பெரும்பாடு. அவன் பேச்சைப் பாதியில் பிடித்துக்கொண்டு காத்திருந்து, அவர் திரும்பி வந்ததும் மீதியைக் கொடுத்தான். "சொன்னா உங்களுக்கு கஷ்டமா இருக்கும்னு." "இப்ப இனிக்குதா?" போனார், வந்தார். "நாலு மாசம்டா. ஒவ்வொரு தெருவா. எவ ஊட்டுப் பாவாடையையோ பாத்துட்டு நின்னேன்டா." அவனுக்கு அது புரியவில்லை. "அப்பா, நீங்கதானே வேண்டாம்னீங்க" என்றான் மகுடேஸ்வரன், சட்டென்று, குரல் கொஞ்சம் ஏறி. அவர் நின்றார். "நான் என்ன வேண்டாம்னேன்?" "ஊஞ்சல." காற்று வேப்பமரத்தைப் பிடித்து உலுக்கியது. "ஆனியில வந்தோமுங்கப்பா. நீங்க ஈரோட்டுல. நாலாம் தெரு வீடு பிடிச்சுத்தான்ப்பா இருந்துச்சு, இந்துஜாவுக்கும். பார்க்குல ஊஞ்சல் திரும்பப் போட முடியுமான்னு கேக்கலாம்னு செக்ரட்டரி ஞானசிகாமணி ஊட்டுக்குப் போனேன். அவரு சங்கத்து நோட்ட எடுத்துக் காட்டுனாரு. 'தம்பி, எல்லாரும் ஒப்புக்கிட்டுத்தான் எடுத்தது, உங்கப்பாவே போட்டிருக்காரே பாருங்க'ன்னாரு. முதல் கையெழுத்து உங்களுதுப்பா. முதல்ல. உங்களுத பாத்துத்தான் மத்தவங்க." அவன் மறுபடி காலைச் சொறிந்தான். "எடுத்ததுகூடப் பரவால்லீங்கப்பா. உங்களுக்குச் சத்தம் ஆகாது, எனக்குத் தெரியும். ஆனா தீபாவளிக்கு அவ அழுதப்ப நீங்களே எவன்டா எடுத்தான்னு கத்துனீங்களே. குழந்தை முன்னாடி. அந்த மாதிரி நடிக்கத் தெரியுமா எங்கப்பாவுக்குன்னு. அதுக்கு மேல எப்படிப்பா இங்க வர்றது?"

பொய். வாய் வரை வந்தது. பொய்டா, எவனோ என் கையெழுத்தைப் போட்டிருக்கிறான். ஆனால் வாயைத் திறக்குமுன்னே கை ஞாபகத்துக்கு வந்துவிட்டது, கை எழுதுகிற ஞாபகம். சின்னக் கோடு, ஒரு கொக்கி, கீழே ஒரு புள்ளி. செ. அரசாங்க ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் அதைத்தான் போட்டார். சுற்றறிக்கை வரும், பியூன் மேஜையில் வைப்பான், பேனா தானாக நகரும், செ, புள்ளி, அடுத்த மேஜைக்குப் போகும். யார் படிப்பது. படிக்கிறவன் வேலை செய்யமாட்டான் என்று இளசுகளிடம் சொல்லியும் இருக்கிறார். இங்கே வந்தும் அதேதான், சங்கத்து நோட்டைக் காவல்காரன் காளியண்ணன் வீடு வீடாக எடுத்து வருவான், ஒன்றாம் தெரு ஒன்றாம் எண் அவருடையது, அதனால் முதலில் அவரிடம். புரட்டாசியில் ஒரு காலை. அது எந்தக் காலை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, தெரியாமல் இருந்திருக்கலாம். அடுப்பில் பால் பொங்கியது, சுலோச்சனா குளியலறையில், கேட்டில் காளியண்ணன், "சார், பார்க்குச் சமாச்சாரமுங்க" என்றான், அவர் ஒரு கண் பாலில் ஒரு கண் நோட்டில், இல்லை, நோட்டில் கண்ணே இல்லை, பேனாவைத்தான் பார்த்தார், மூடி கழலமாட்டேன் என்றது. செ. புள்ளி. திரும்பி ஓடுவதற்குள் பால் வழிந்துவிட்டது, அன்றைக்கு அவருக்குப் பாலைப் பற்றித்தான் கவலை. அப்புறம் கத்தினோமே, எவன் எடுத்தானோ அவன் உருப்படமாட்டான். இவனிடம் சொல்லிவிடலாம். படிக்காமல் போட்டேன்டா. இரண்டு சொல். நாலுகூட இல்லை. தெரிந்து எடுத்தவன் என்றால் கல்நெஞ்சன், அதில் ஒரு கெத்தாவது உண்டு. படிக்காமல் எடுத்தவன் என்றால் யார். முப்பத்தைந்து வருஷமும் யார். இன்னும் என்னென்ன போட்டோமோ, எத்தனை பேர் ஊரை மாற்றினோமோ, எத்தனை பேர் ஊஞ்சலைப் பிடுங்கினோமோ, செ, புள்ளி, செ, புள்ளி. அப்பா எனக்குத் துரோகம் செய்தார் என்று இத்தனை வாரம் இவன் பூனாவில் உட்கார்ந்து, இவனும் கேட்கவில்லை, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், ஏன் கேட்கவில்லை, என்னிடம் கேட்கிற மாதிரியா வைத்திருந்தேன் என் மூஞ்சியை. நடந்தார். மகன் முகத்தைப் பார்க்காமல் இருக்க நடப்பது ஒன்றுதான் வழி. எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டிய நேரமாகிவிட்டது, திரும்பவில்லை.

"சாருங்க, இங்கயா இருக்கறீங்க!" காளியண்ணன் சைக்கிளைக் கதவில் சாய்த்துவிட்டு வந்தான். காக்கிச் சட்டைக்குக் கீழே லுங்கி, அக்குளில் அந்த நோட்டு, கறுப்பு அட்டை, சிவப்பு முதுகு. "ஊட்டுக்குப் போனேன், அம்மா பார்க்குலன்னாங்க. சாயங்காலம் மீட்டிங்குங்க, அதுக்கு முன்னால எல்லாத்துகிட்டயும் வாங்கிப்போடோணும்னு செக்ரட்டரி பறக்கறாரு." நோட்டை விரித்து, பேனாவை மூடி கழற்றியே நீட்டினான். சென்னியப்பன் பேனாவை வாங்கவில்லை. நோட்டை வாங்கினார். கண்ணாடி வீட்டில். நோட்டைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, காற்றில் தாள் படபடக்க, கட்டைவிரலால் அமுக்கிப் படித்தார். வேலவன் கார்டன் குடியிருப்போர் நலச் சங்கம். மூத்த குடிமக்களின் பாதுகாப்பை முன்னிட்டு. மாலை நாலு முதல் ஏழு வரை. உள்தெருக்களில் குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவதும் பந்து விளையாடுவதும் தடை. கீழ்க்கண்டோர் ஒப்புதல் அளிக்கிறோம். ஒவ்வொரு வரியாக உதடு அசையப் படித்தார். காளியண்ணன் ஒரு கால் மாற்றி நின்றான். இன்னொரு கால் மாற்றினான்.

"என்னங்க சார், புதுசாப் படிக்கறீங்க" என்றான் சிரித்து. மகுடேஸ்வரனைப் பார்த்து, "தம்பி, உங்கப்பாரு மாதிரி ஆளு இந்த நகருக்கே கிடையாதுங்க. மத்தவங்க அரைமணி நேரம் நிக்க வெச்சு, அது ஏன் இது ஏன்னு நோண்டுவாங்க. சாரு நோட்டத் தொறந்ததும் பேனாவத்தான் தேடுவாரு. அஞ்சு வருஷத்துல ஒரு வரி படிச்சு நான் பாத்ததில்ல. அதுனாலதான் செக்ரட்டரியே சொல்லுவாரு, முதல்ல சென்னியப்பன் ஊட்டுக்குப் போடா, மீதியெல்லாம் தானா விழும்னு." தன் பேச்சுக்குத் தானே இன்னும் கொஞ்சம் சிரித்தான். யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டான்.

மகுடேஸ்வரன் காலைச் சொறிவதை விட்டுவிட்டான். அப்பாவைப் பார்த்தான். சென்னியப்பன் நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, படிக்க இன்னும் நிறைய இருக்கிற மாதிரி. "அப்பா" என்றான் அவன், வேறு குரலில். "அப்படீன்னா அன்னிக்கு..." அவர் பேனாவைக் காளியண்ணன் கையிலிருந்து பிடுங்கினார். ஒன்று என்று எண் போட்ட இடத்தில், செ இல்லை, புள்ளி இல்லை, படித்தேன் என்று எழுதினார், சம்மதம் இல்லை என்று எழுதினார், பெயரை முழுசாக எழுதினார், பள்ளிக்கூடத்துக்குப் பிறகு முழுசாக எழுதியது இல்லை, ன்னுக்கு எத்தனை சுழி என்று ஒரு நொடி கை யோசித்தது. "இந்தா." காளியண்ணன் நோட்டைத் திருப்பிப் பார்த்தான். "சார், இத வெச்சுட்டு நான் இப்ப எப்படிங்க அடுத்த ஊட்டுக்குப் போவேன்?" "போ" என்றார். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான், ஏறவில்லை.

"ஏனுங்கப்பா இத முதல்லயே சொல்லல?" என்றான் மகுடேஸ்வரன். அவர், "நீ கேட்டியா?" என்றார். அவன் மலைப் பக்கம் திரும்பினான். "அங்க எல்லாம் முடிஞ்சுதுப்பா. ஸ்கூலும் சேத்தாச்சு" என்றான். அவர் தலையாட்டினார். பையிலிருந்து சாவியை எடுத்து, அவனிடம் நீட்டுவதா என்று பார்த்து, திரும்பப் பையிலேயே போட்டார். அமெரிக்கா போகிறவர் வீட்டுக்குப் போய் அதைத் தரவேண்டும். என்ன சொல்லித் தருவது. பல்லைக் காட்டிக் கேட்டது.

கதவு மறுபடி கீச்சிட்டது, இந்தத் தடவை முழுசாகத் திறந்து சுவரில் மோதியது. தன்ஷிகா ஓடிவந்தது. அவர் வாயில் வழக்கமாக வருவது, ஏய் ஓடாதே, வரவில்லை. அது நேரே எட்டின் நடுவுக்குப் போய் அந்த வட்டங்களில் ஒவ்வொன்றாகக் குதித்தது. ஒரு கால், ஒரு கால், இரண்டு கால். "தாத்தா, இது என்னன்னு தெரியுமா?" என்றது. "ஊஞ்சக் கம்பி நட்டிருந்த குழி. சிமெண்ட் போட்டு மூடிட்டாங்க. இங்கதான் ஒரு கம்பி, இங்க ஒரு கம்பி, இதுக்கு நடுவுல நான்." அவர் பார்த்தார். பத்து மாசம். தினம் காலையும் மாலையும், மேஸ்திரியைத் திட்டிக்கொண்டே, இதைத்தான் தாண்டியிருக்கிறார்.

"யாரு தாத்தா எடுத்தாங்க?"

"தன்ஷி, வா, போலாம்" என்று மகுடேஸ்வரன் இரண்டடி முன்னால் வந்தான். "தாத்தாவுக்குத் தெரியாதுடா, அது வேற யாரோ..."

"நான்தான்" என்றார் சென்னியப்பன்.

குழந்தை குதிப்பதை நிறுத்தியது. நிமிர்ந்து அவரைப் பார்த்தது, வெயிலுக்கு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நம்பலாமா வேண்டாமா என்று. அப்பாவைத் திரும்பிப் பார்த்தது. அவன் தரையைப் பார்த்தான்.

"ஏன் தாத்தா?"

அன்றைக்குப் பால் பொங்கியது, பேனா மூடி கழலவில்லை. செ. புள்ளி.

"எங்கிட்ட கேக்கவே இல்லையே நீங்க" என்றது அது. அழவில்லை. கோபம்கூட இல்லை. சொல்லிவிட்டு மிச்சம் இருந்த வட்டத்தில் குதித்தது, அப்பா கையைப் பிடித்துக்கொண்டது, இரண்டு பேரும் கதவுப் பக்கம் நடந்தார்கள். கதவைச் சாத்தவில்லை. சென்னியப்பன் எட்டின் நடுவில் நின்றார். வடக்கே வளைந்து வந்தோமா தெற்கே வளைந்து வந்தோமா என்று மறந்துபோயிருந்தது, எந்தப் பக்கம் காலை வைத்தாலும் திரும்ப இந்த வட்டத்துக்கே வரவேண்டும். கல் சுட்டது. நகரவில்லை.